தொழில்முனைவோரை எண்ணுதல்: மாதிரி ஆய்வுத் தரவுகள் வழி ஒரு நோக்கு

முன்னுரை

வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் தொழிலால் பெயர் பெற்றன. காயல்பட்டினமும் கீழக்கரையும் கடல் கடந்த வணிகத்தால் பெயர் பெற்றன. இவ்வூர்களின் பெருமையைக் கூறும்போது, “நம் சமுதாயம் பிறரிடம் கைகட்டி நிற்காத வணிகச் சமுதாயம்” என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். திருமண வீட்டுத் திண்ணையிலும் கல்லூரி விழா மேடையிலும் இக்கூற்று தவறாமல் ஒலிக்கும். இதில் உண்மை இல்லை என்று நாம் கூற வரவில்லை. எவ்வளவு உண்மை, யாரைப் பொறுத்து உண்மை என்று அளந்து பார்க்க இயலுமா என்பதே நம் வினா.

அளந்து பார்க்க ஒரு வழி உண்டு. நாட்டின் எல்லா வீடுகளையும் தட்டாமல், முறைப்படி தெரிந்தெடுத்த சில வீடுகளில் மட்டும் வினவி, அதிலிருந்து முழுமைக்கும் மதிப்பீடு காண்பது மாதிரி ஆய்வு எனப்படும். இந்தியாவில் 1950ஆம் ஆண்டு பேராசிரியர் மகாலனோபிஸ் அவர்களின் முயற்சியால் தொடங்கப்பெற்ற தேசிய மாதிரி ஆய்வு இத்துறையின் மூத்த நிறுவனம். அது திரட்டும் வேலைவாய்ப்புத் தரவுகளில் ஒவ்வொருவரின் வயது, பால், கல்வி, சமயம், சமூகப் பிரிவு ஆகியவற்றோடு அவர் எவ்வகையில் உழைக்கிறார் என்பதும் பதிவாகும். ஆகவே எந்தப் பிரிவினரிடையே தொழில்முனைவு மிகுந்துள்ளது என்று கேட்போர் இத்தரவுகளையே நாடுகின்றனர்.

நீதிபதி இராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழுவும் அவ்வாறே நாடியது. 2005 மார்ச்சில் அமைக்கப்பெற்று 2006 நவம்பரில் அறிக்கை அளித்த அக்குழு, 2004-05ஆம் ஆண்டின் 61ஆவது சுற்றுத் தரவுகளைக் கொண்டு கண்ட முடிவு இது: உழைக்கும் முஸ்லிம்களில் 61 விழுக்காட்டினர் சுயதொழிலில் உள்ளனர், இந்துக்களில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர். நகர்ப்புறத்தில் இடைவெளி இன்னும் அகலம்; 57க்கு 43. உழைக்கும் பெண்களை மட்டும் எடுத்தால் முஸ்லிம் பெண்களில் 73 விழுக்காட்டினர், இந்துப் பெண்களில் 60 விழுக்காட்டினர்.

இவ்வெண்களைக் கண்டதும் திண்ணைப் பேச்சு மெய்யாயிற்று என்று மகிழத் தோன்றும். சற்றுப் பொறுப்போம். நூற்றுக்கு எழுபத்துமூன்று பெண்கள் தொழில்முனைவோர் எனில், நம் தெருக்களில் அவர்களின் பெயர்ப்பலகைகளை நாம் ஏன் காணவில்லை?

தொழில் என்னும் சொல்

தமிழ்த்துறையினராகிய நாம் முதலில் ஒரு சொல்லாராய்ச்சி செய்வது பொருத்தமாகும். “உங்கள் தொழில் என்ன?” என்ற வினாவுக்கு ஆசிரியர், “ஆசிரியத் தொழில்” என்பார். தோல் பதனிடும் ஆலையின் உரிமையாளர், “தோல் தொழில்” என்பார். அதே ஆலையில் கூலிக்கு உழைப்பவரும், “தோல் தொழில்” என்றே விடை கூறுவார். ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்களால் பிரித்துக் கூறப்படுவனவெல்லாம் தமிழில் ஒரே சொல்லுள் அடங்கிக் கிடக்கின்றன. இது மொழியின் குறையன்று, வழக்கின் இயல்பு. ஆனால் வினாநிரலைத் தமிழாக்குபவர் இதனைக் கருதாவிடில், களப்பணியாளரின் தாளில் முதலாளியும் கூலியாளும் ஒரே கட்டத்துள் அமர்ந்துவிடுவர்.

‘சும்மா’ என்ற சொல் இதனினும் வலியது. “உங்கள் மனைவி என்ன செய்கிறார்?” என்று வீட்டுத் தலைவரைக் கேட்டால், “வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்” என்று விடை வரும். உள்ளே அந்த அம்மையார் தையல் எந்திரத்தில் அண்டை வீட்டாரின் இரவிக்கைகளைக் கூலிக்குத் தைத்துக்கொண்டிருப்பார். ஆய்வின் குறியீட்டு முறையில் இல்லப்பணி மட்டும் செய்வோர்க்கு 92 என்றும், இல்லப்பணியோடு தம் வீட்டுத் தேவைக்காகத் தைத்தல், நெய்தல், விறகு சேகரித்தல் போன்றவற்றையும் செய்வோர்க்கு 93 என்றும் எண்கள் உண்டு. இவ்விரு எண்களில் எதைப் பெற்றாலும் அவர் உழைப்போர் கணக்கில் சேரார். அண்டை வீட்டாரிடம் காசு பெறுகிறார் என்ற ஒரு செய்தியைக் களப்பணியாளர் கேட்டறிந்தால் மட்டுமே அவர் சுயதொழில் செய்பவராவார். ஒரு வினா கூடுதலாகக் கேட்கப்படுவதும் கேட்கப்படாததும் ஓர் ஊரின் பெண் தொழில்முனைவோர் எண்ணிக்கையை மாற்றிவிடும்.

ஒரே பெயரில் மூவர்

‘சுயதொழில்’ என்று அறிக்கையில் ஒரே எண்ணாகக் காண்பது உண்மையில் மூன்று குறியீடுகளின் கூட்டுத்தொகை. கூலிக்கு ஆள் அமர்த்தாமல் தாமே தொழில் நடத்துவோர்க்கு 11. ஆள் அமர்த்தி நடத்துவோர்க்கு 12. குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுவோர்க்கு 21. பெட்டிக்கடைக்காரர், ஐம்பது பேருக்கு வேலை தரும் ஆலை உரிமையாளர், தந்தையின் கடையில் மாலையில் அமரும் மகன் ஆகிய மூவரும் சுயதொழிலினரே.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். 2017இல் தொடங்கிய காலமுறை உழைப்புப்படை ஆய்வின்படி, நாட்டின் உழைப்போரில் சுயதொழிலினர் 2017-18இல் 52.2 விழுக்காடு, 2023-24இல் 58.4 விழுக்காடு. ஆறாண்டுகளில் தொழில்முனைவு பெருகிற்று என்று இதனைக் கொண்டாடியவர்கள் உண்டு. பிரித்துப் பார்த்தால், ஊதியமற்ற குடும்ப உதவியாளரின் பங்கு 13.6இலிருந்து 19.4 ஆக உயர்ந்துள்ளது. எஞ்சிய இரு பிரிவுகளும் சேர்ந்து ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கின்றன. உயர்வு ஏறத்தாழ முழுவதும் சம்பளம் பெறாத உதவியாளர்களால் வந்தது.

சுயதொழில் விழுக்காட்டைத் தொழில்முனைவின் அளவாகக் கொள்வோர் முதலில் 21ஆம் குறியீட்டை விலக்கிவிட வேண்டும் என்பது நம் துணிபு. 12ஆம் குறியீட்டைத் தனியே காட்டவும் வேண்டும். எண் சிறிதாகத்தான் வரும். 2015-16ஆம் ஆண்டின் 73ஆவது சுற்றில் வேளாண்மை சாராத, பதிவுபெற்ற கம்பெனியாக அமையாத தொழிலகங்கள் 6.34 கோடி என மதிப்பிடப்பட்டன. அவற்றுள் 84 விழுக்காடு நிலையான கூலியாள் ஒருவரும் இல்லாதவை. சிறிய எண்ணைக் கண்டு வருந்த வேண்டியதில்லை; பெரிய எண் மறைத்ததைச் சிறிய எண் காட்டுகிறது.

பீடித் தட்டும் குறியீடு பதினொன்றும்

மேலே எழுப்பிய வினாவுக்கு இப்போது வருவோம். அந்த எழுபத்துமூன்று பெண்கள் யாவர்? திருநெல்வேலியின் மேலப்பாளையத்திலும் தென்காசி வட்டாரத்திலும் பல சமயத்துப் பெண்களும் வீட்டிலிருந்தபடி பீடி சுற்றுகின்றனர். இலையும் தூளும் கம்பெனி சார்பில் கொடுக்கப்படுகின்றன. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி அளந்து தரப்படுகிறது. தரமில்லை என்று ஒதுக்கப்படும் பீடிக்குக் கூலி இல்லை. இலையின் விலையை அப்பெண் தீர்மானிப்பதில்லை. பீடியின் விலையையும் தீர்மானிப்பதில்லை. அதனை யாருக்கு விற்பது என்பதும் அவர் கையில் இல்லை. ஆம்பூர்ப் பக்கத்தில் காலணியின் மேற்பகுதியை வீட்டில் வைத்துத் தைத்துக் கொடுக்கும் பெண்களின் நிலையும் இதுவே.

தேசிய மாதிரி ஆய்வின் வரையறைப்படி, பொருளைப் பெற்றுக்கொண்டு வீட்டிலிருந்து செய்துகொடுக்கும் இத்தகையோர் சுயதொழிலினராக வகைப்படுத்தப்படுகின்றனர். தாம் விரும்பிய நேரத்தில், தம் இடத்தில், தம் போக்கில் உழைக்கிறார்கள் என்பது அவ்வரையறைக்கு அடிப்படை. எனவே பீடித் தட்டோடு அமர்ந்திருக்கும் பெண்ணுக்குக் குறியீடு 11.

இங்கு ஒரு முரணைச் சுட்டாமல் இருக்க இயலவில்லை. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், மூலப்பொருளைப் பெற்று வீட்டில் பீடி சுற்றுபவரையும் தொழிலாளி என்றே வரையறுத்தது. 1976ஆம் ஆண்டின் நலநிதிச் சட்டத்தின் கீழ் அவர்களுக்கு அடையாள அட்டையும் மருத்துவ உதவியும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் வழங்கப்பட்டன. ஒரே பெண் சட்டத்தின் ஏட்டில் தொழிலாளி. புள்ளிவிவர ஏட்டில் சுயதொழிலினர். அந்த இரண்டாவது ஏட்டைப் படித்துவிட்டு மேடையேறுகிறவர் வாயில் அவரே தொழில்முனைவோராகவும் ஆகிவிடுகிறார்.

இது வெறும் சொற்போர் அன்று. ஒரு வட்டாரத்துப் பெண்கள் தொழில்முனைவோர் என்று முடிவு கட்டினால் அவர்களுக்குக் கடன் முகாமும் பயிற்சி வகுப்பும் ஏற்பாடாகும். அவர்கள் கூலித் தொழிலாளர் என்று கண்டால் கூலி உயர்வும் வைப்புநிதியும் கண், நுரையீரல் மருத்துவமும் பேசப்படும். எதைக் கேட்பது என்று சமுதாயப் பெரியோர் தீர்மானிப்பது அவர்கள் கையிலுள்ள எண்ணைப் பொறுத்தே அமைகிறது.

உலக அளவிலும் இக்குறை உணரப்பட்டது. 2018 அக்டோபரில் ஜெனீவாவில் கூடிய 20ஆவது பன்னாட்டு உழைப்புப் புள்ளியியலாளர் மாநாடு, சுயதொழிலுக்கும் கூலி உழைப்புக்கும் இடையே ‘சார்ந்திருக்கும் ஒப்பந்த உழைப்பாளர்’ என்ற புதிய வகையை ஏற்றது. வேறொருவரின் நிறுவனத்தைச் சார்ந்து, அவர் வரையும் விலைக்கு உழைப்போர் இவ்வகையினர். மேலப்பாளையத்துப் பெண்ணுக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் கிடைப்பதரிது.

வகுக்கும் எண்

விழுக்காடு என்றதும் எதனுடைய விழுக்காடு என்று கேட்கும் பழக்கம் மாணவரிடையே வளர வேண்டும். 73 என்பது எல்லா முஸ்லிம் பெண்களிலும் அன்று. உழைப்போராகக் கணக்கிடப்பட்ட முஸ்லிம் பெண்களில். அவ்வாறு கணக்கில் வருவோர் பிற பெண்களைவிடக் குறைவு என்பதையும் சச்சார் குழு சுட்டியது. ஒரு பிரிவில் நூறு பெண்களுக்கு 20 பேர் உழைப்போர் என்றும், மற்றொன்றில் 40 பேர் என்றும் வைத்துக்கொள்வோம். முதற்பிரிவில் 20இல் 73 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 15 பேர் சுயதொழிலினர். இரண்டாவதில் 40இல் 60 விழுக்காடு, அதாவது 24 பேர். வகுக்கும் எண்ணை மாற்றியதும் முன்னே நின்றவர் பின்னே சென்றுவிட்டார்! இரண்டு கணக்கும் பிழையல்ல. இரண்டையும் ஒருங்கே காட்டாமல் ஒன்றை மட்டும் காட்டுவதே பிழை.

ஒப்பிடும்போதும் இந்த எச்சரிக்கை வேண்டும். 2013-14ஆம் ஆண்டின் ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு 5.85 கோடி தொழிலகங்களைக் கண்டது; பெண்களுக்கு உரியவை அவற்றுள் 13.76 விழுக்காடு. அப்பெண்களின் தொழிலகங்களில் மிகப்பெரும் பங்கு, 13.51 விழுக்காடு, தமிழ்நாட்டில் இருந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஈராண்டு கழித்து நடந்த 73ஆவது சுற்றில் தனியுடைமைத் தொழிலகங்களுள் பெண்களுடையவை ஏறத்தாழ 20 விழுக்காடு. இரண்டே ஆண்டில் ஆறு விழுக்காடு வளர்ச்சியா? இல்லை. முன்னது எல்லாவகைத் தொழிலகங்களையும் வகுக்கும் எண்ணாகக் கொண்டது. பின்னது தனியுடைமைத் தொழிலகங்களை மட்டும். தெருத்தெருவாக விரைந்து எண்ணிச் செல்லும் கணக்கெடுப்பில் பெயர்ப்பலகையற்ற வீட்டுத் தொழில் கண்ணுக்குத் தப்புவதும் எளிது. வலை வேறு; ஆகவே மீனும் வேறு.

நிறையெண்ணும் பிழை எல்லையும்

மாதிரியில் வந்த வீடுகள் யாவும் சம எடை உடையன அல்ல. ஒரு வீடு நானூறு வீடுகளுக்காகப் பேசும். மற்றொன்று ஆயிரத்து அறுநூறு வீடுகளுக்காகப் பேசும். இதனை நிறையெண் என்பர். சிற்றூரில் பத்துப் பேரில் 8 பேர் சுயதொழிலினர், நிறையெண் 400 எனவும், நகரத்தில் பத்துப் பேரில் 3 பேர், நிறையெண் 1,600 எனவும் கொள்வோம். தலைகளை எண்ணினால் இருபதில் பதினொன்று, 55 விழுக்காடு. நிறையெண்ணால் பெருக்கிக் கூட்டினால் 20,000இல் 8,000, அதாவது 40 விழுக்காடு. தரவுக் கோப்பைத் திறந்ததும் தலைகளை எண்ணத் தொடங்கும் மாணவர் பதினைந்து விழுக்காடு பிழையோடு ஆய்வேட்டைத் தொடங்குகிறார்.

அடுத்தது மாதிரியின் அளவு. நாடு தழுவிய எண்ணுக்குப் போதுமான மாதிரி ஒரு மாவட்டத்துக்கு, அதிலும் ஒரு பிரிவினருக்குப் போதாது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு. ஒரு மாவட்டத்தில் 400 வீடுகள் மாதிரியில் வந்தால், இந்த விகிதப்படி முஸ்லிம் வீடுகள் ஏறத்தாழ 23. உழைப்போர் முப்பது பேர் எனக் கொள்வோம். அவர்களில் பாதிப்பேர் சுயதொழிலினர் என்று விடை வந்தால், உண்மை 32 விழுக்காட்டிலிருந்து 68 விழுக்காடு வரை எங்கும் இருக்கலாம். மேலும் நம் மக்கள் பெரும்பாலும் சில தெருக்களில் சேர்ந்து வாழ்பவர்கள். அத்தெரு மாதிரியில் விழுந்தால் மிகப் பலர், விழாவிட்டால் எவருமிலர். ஆகவே உண்மையான பிழை எல்லை மேற்சொன்னதினும் அகலமாகவே இருக்கும். இத்தகைய எண்ணை வைத்து, “எங்கள் மாவட்டத்தில் 50 விழுக்காடு, உங்கள் மாவட்டத்தில் 42 விழுக்காடு” என்று வாதிடுவது வீண்.

என்ன செய்யலாம்? நான்கு ஆண்டுத் தரவுகளை ஒன்றாக்கினால் முப்பது பேர் நூற்றிருபது பேராவர். பிழை எல்லை பாதியாகும். ஒரே வீட்டை மீண்டும் மீண்டும் சந்திக்கும் ஆய்வாதலால், முதற்சந்திப்பை மட்டும் கொள்ள வேண்டும். இல்லையேல் ஒருவரையே நால்வராக எண்ணுவோம். அண்டை மாவட்டங்களைச் சேர்த்து வட்டாரமாக நோக்குவது மற்றொரு வழி. 2025 சனவரி முதல் காலமுறை உழைப்புப்படை ஆய்வில் மாவட்டமே மாதிரியின் அடிப்படை அலகாக்கப்பட்டு, மாதிரி அளவும் உயர்த்தப்பட்டுள்ளதால் இனிவரும் மாணவர்க்குப் பணி சற்று எளிதாகும்.

மாநில அளவில் வயது, பால், கல்வி வாரியாகக் கண்ட விகிதங்களை ஓர் ஊரின் மக்கள்தொகையோடு பெருக்கி அவ்வூருக்கு மதிப்பீடு காணும் முறையும் உண்டு. ஆனால் அது ஆம்பூரைச் சராசரித் தமிழ்நாடாக்கிவிடும். ஆம்பூர் ஆம்பூராக இருப்பது எதனாலோ, அதுவே அக்கணக்கில் மறைந்துபோகும்.

ஊர் எது?

உள்ளூர்த் தொழில்முனைவு என்கிறோம், உள்ளூர் எது? காயல்பட்டினத்தார் ஒருவர் சென்னையிலோ கொழும்பிலோ ஹாங்காங்கிலோ கடை நடத்துகிறார். வீட்டை வைத்து எண்ணும் ஆய்வு ஒருவரை அவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில் எண்ணும். கடையை வைத்து எண்ணும் ஆய்வு கடை இருக்கும் இடத்தில் எண்ணும். இரண்டிலும் அவர் காயல்பட்டினத்தில் இல்லை. அவர் அனுப்பும் பணத்தில் எழுந்த வீடு மட்டும் ஊரில் உண்டு. அவ்வீட்டுப் பெண்களுக்குக் குறியீடு 92. தொழில்முனைவுக்குப் பெயர் பெற்ற ஊரே தரவில் தொழில்முனைவற்ற ஊராகத் தோன்றுவது இவ்வாறுதான்.

மாவட்ட எல்லையும் நிலையானதன்று. 2011இல் 32 ஆக இருந்த தமிழக மாவட்டங்கள் பின்னர் 38 ஆயின. வாணியம்பாடியும் ஆம்பூரும் 2019இல் வேலூரிலிருந்து பிரிந்து திருப்பத்தூர் மாவட்டத்துள் அடங்கின. பழைய வேலூரோடு புதிய வேலூரை ஒப்பிட்டு, “தோல் தொழில் வீழ்ந்தது” என்று எழுதிவிடக் கூடாது. 2021இல் நிகழ வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், சமயவாரி மக்கள்தொகைக்கு 2011ஆம் ஆண்டின் எண்களையே சார்ந்திருக்க நேர்ந்ததையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

அமெரிக்கப் பொருளியலறிஞர் இராபர்ட் ஃபேர்லி கையாண்ட முறை ஒன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. அந்நாட்டில் மாதந்தோறும் ஏறத்தாழ 60,000 வீடுகளில் நடக்கும் ஆய்வில் ஒரே ஆளை அடுத்தடுத்த மாதங்களில் தொடர்ந்து நோக்கி, சென்ற மாதம் தொழில் இல்லாதிருந்து இம்மாதம் வாரத்துக்கு 15 மணி நேரமேனும் சொந்தத் தொழிலில் ஈடுபடுவோரை மட்டும் அவர் எண்ணினார். குளத்திலுள்ள நீரை அளப்பதை விட்டு, வாய்க்காலில் வரும் நீரை அளந்தார் எனலாம். நம் நாட்டு ஆய்விலும் ஒரே வீட்டை நான்கு முறை சந்திக்கும் அமைப்பு இருப்பதால் இம்முறையை முயன்று பார்க்கலாம். ஆனால் வேலையிழந்தவர் வேறு வழியின்றித் தள்ளுவண்டி போட்டாலும் இம்முறை அவரைப் புதிய தொழில்முனைவோர் என்றே எண்ணும்.

ஆய்வேட்டுக்காகத் தம் ஊரில் சிறு ஆய்வு நடத்த விரும்பும் வணிகவியல் மாணவர்கள் வினாநிரலைத் தமிழாக்க நம் துறையை நாடுவதுண்டு. அவர்களுக்கு நாம் கூறுவது: “சொந்தத் தொழிலா, கூலித் தொழிலா?” என்ற ஒற்றை வினாவை விட்டுவிடுங்கள். மூன்று வினாக்கள் கேளுங்கள். சரக்கை யார் தருகிறார்? விலையை யார் சொல்கிறார்? நட்டம் வந்தால் யார் தலையில் விழும்? வீட்டுத் தலைவரிடம் கேட்காமல் அந்த வேலையைச் செய்பவரிடமே கேளுங்கள். பெண்களிடம் கேட்கப் பெண் மாணவியரை அனுப்புங்கள். பெட்டிக்கடைக்காரர் மூன்றுக்கும் “நான்தான்” என்பார். ஆலை உரிமையாளரும் அவ்வாறே கூறுவார். பீடி சுற்றும் பெண் முதல் இரண்டுக்குக் “கம்பெனி” என்பார். மூன்றாவதற்கு மட்டும், ஒதுக்கப்பட்ட பீடிக் கட்டைக் காட்டி, “என் தலையில்தான்” என்பார்.